நீரின் பயன்

சென்ற தவணைப் பரீட்சையில் ஒன்பதாந் தர மாணவர்க்கு நான் கொடுத்த கட்டுரைத் தலைப்பு ‘நீரின் பயன்கள்’ என்பது. தமிழாசிரியர் எவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கொடுக்குந் தலைப்புத்தான். பசுவின் பயன், பனையின் பயன், மரங்களின் பயன், நூலகத்தின் பயன் என இவ்வரிசை நீளும். வரும் விடைகளும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம், தோட்டத்துக்கு இறைக்கலாம், மின்சாரம் எடுக்கலாம் என அடுக்கிக்கொண்டு போய், ‘எனவே நீரை வீண்விரயஞ் செய்யாது பாதுகாப்போமாக’ என்று பிள்ளைகள் முடிப்பார்கள். திருத்துகின்றவருக்கும் சிரமம் இல்லை. ஒரு குறிப்புக்கு ஒரு புள்ளி.

அன்றிரவு நான் திருத்திய தாள்களுள் ஒன்று அவ்வாறு இருக்கவில்லை. தலைப்பின்கீழ் ஒரே ஒரு வாக்கியம் நின்றது: ‘நீரின் பயன் நீர்தான்.’ அதற்கு மேல் அந்த மாணவி ஓர் எழுத்தும் எழுதவில்லை.

சிவப்புப் பேனாவை எடுத்துப் பூச்சியம் இடப் போனேன். கை நின்றுவிட்டது. நின்றமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று அந்தச் சொல்லைப் பற்றியது. மற்றையது என்னைப் பற்றியது. முதலிற் சொல்லைப் பார்ப்போம்.

அகராதி காட்டும் பொருள்

பயன் என்பது மூன்றெழுத்துச் சொல். ஒரு பொருளால் நமக்கு ஆகும் நன்மை என்பதே இன்று நாம் அதற்குக் கொள்ளும் பொருள். ஆயின் அகராதியைப் புரட்டினால், விளைவு, செல்வம், சொற்பொருள் என்பவற்றோடு பழம், சாறு, அமுதம், பால், நீர் என்னும் பொருள்களும் அங்கே வரிசையாக நிற்கும். பயம் என்பது இதன் உடன்பிறப்பு. அதற்கும் பயன், இனிமை, பால், அமுதம், நீர், குளம் என்னும் பொருள்கள் உள. அச்சத்தைக் குறிக்கும் பயம் வேறு; அது வடமொழியிலிருந்து வந்து, உருவத்தால் இதனோடு ஒத்துப்போன தனிச்சொல்.

ஆகவே, ‘நீரின் பயன் நீர்தான்’ என்று அந்தப் பிள்ளை எழுதியது அகராதிப்படி பிழையற்ற வாக்கியம். அவள் அகராதி பார்த்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். விடை தோன்றாமல் எழுதியிருக்கலாம். எழுதச் சோம்பியும் இருக்கலாம். எப்படியாயினும், பிராசீனப் பாடசாலையிலே நிகண்டை வரிவரியாக மனனஞ் செய்த எனக்கு, அந்த நினைவு பேனா தாளிற் படுவதற்கு முன்னரே வந்திருக்கவேண்டும். அரை நொடி பிந்தியே வந்தது.

இத்தனை பொருளும் ஒரு சொல்லுக்குள் எவ்வாறு புகுந்தன? வேரைத் தோண்டிப் பார்த்தால் விளங்கும். பயன் என்பது பய என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். பயத்தல் என்றால் தருதல், விளைவித்தல், ஈனுதல். மரம் கனியைப் பயக்கும். நிலம் நெல்லைப் பயக்கும். பசு பாலைப் பயக்கும். தாய் பிள்ளையைப் பயப்பாள். அதனாலேயே பெற்ற தாயைப் ‘பயந்தாள்’ என்று பழைய நூல்கள் வழங்கின. பேச்சு வழக்கில் இவ்வினை இன்று இல்லை. ‘நன்மை பயக்கும்’ என மேடையிலும் ஏட்டிலும் மட்டுமே உலவுகின்றது. வினை மறைந்தது; அதன் பிள்ளையாகிய பயன் மட்டும் வீடுதோறும் வாழ்கின்றது.

வள்ளுவர் இச்சொல்லை ஆண்ட இடங்கள் சில இங்கே நினைக்கத்தக்கவை. கொடுங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில், அரசன் நாட்டைக் காவாதுவிட்டால் வருங் கேடுகளைச் சொல்லுமிடத்தே, பசுக்களின் பால் குறையும் என்கிறார். பாலுக்கு அவர் அங்கே ஆண்ட சொல் ‘ஆபயன்’. கல்லாமை அதிகாரத்திற் கல்லாதவரை விளைவு தராத களர்நிலத்துக்கு ஒப்பிடுகிறார். ‘தராத’ என்பதற்கு அவர் வைத்த சொல் ‘பயவா’. ஒப்புரவறிதல் அதிகாரத்தில், பிறர்க்கு உதவுவான் கையிலுள்ள செல்வத்துக்கு ஊருணியில் நிறைந்த நீரை ஒரு குறளிலும், ஊர் நடுவிற் பழுத்த பயன்மரத்தை அடுத்த குறளிலும் உவமை காட்டுகிறார். பால், விளைநிலம், ஊருணி, கனிமரம் என்னும் இவையாவும் தம்முள்ளிருந்து ஒன்றைப் பிறர்க்குத் தருவன. பயன் என்னுஞ் சொல்லின் உயிர் அந்தத் தருகையிலேதான் இருக்கின்றது.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தையும் மறையாது சொல்லுதல் நேர்மை. வடமொழியிற் ‘பயஸ்’ என்று ஒரு சொல் உண்டு. அதற்கும் பால், நீர் என்பனவே பொருள். நாம் விரும்பி உண்ணும் பாயசம் அதன் வழி வந்தது. ஆதலாற் பயம் என்பதற்குரிய பால், நீர் என்னும் பொருள்கள் அவ்வடசொல்லிலிருந்து வந்தன என்று கொள்வாரும் உளர். இரு மொழிச் சொற்களும் ஒன்றோடொன்று கலந்திருத்தல் இயல்பே. எனினும், ஆபயன் என்னுந் தொடரிலே பாலைக் குறித்து நிற்பது, ஈனுதலைச் சுட்டும் பய என்னும் வினையின் வழிவந்த பெயரே என்பது என் துணிபு.

அன்றியும், பயிர், பயறு, பயில் என ஓசையால் ஒத்த சொற்கள் பல உண்டு. எல்லாவற்றையும் இழுத்துவந்து பயனோடு ஒரே பந்தியில் இருத்துவதும் பொருந்தாது. பயிர் என்பது பசுமை அடியாகப் பிறந்தது என்று கூறுவர். முகம் ஒத்திருப்பவர் எல்லாரும் உறவினர் ஆகார், சொற்களும் அப்படியே.

நுகமும் மடியும்

எங்கள் பேச்சிலே பயனைக் காட்டிலும் பிரயோசனமே மிகுதி. ‘அவராலே ஒரு பிரயோசனமும் இல்லை’, ‘இதைப் படிச்சு என்ன பிரயோசனம்?’ என்று நாள்தோறும் கேட்கின்றோம். சிங்கள மக்களும் இதே சொல்லைப் ‘பிரயோஜனய’ என்று வழங்குகின்றனர். வடமொழியிலிருந்து இத்தீவின் இரு மொழிகளுக்கும் வந்த பொதுச்சொத்து அது. உபயோகம் என்பதும் வடசொல்லே. இவ்விரண்டுக்கும் வேர் ஒன்று: ‘யுஜ்’, அதாவது பூட்டுதல், இணைத்தல். எருதை ஏரிலும் குதிரையைத் தேரிலும் பூட்டுவது அவ்வேரின் பழம்பொருள். நுகத்தடிக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘யோக்’ என்னும் பெயரும் அதற்கு உறவே.

உரோமர் விளைவுக்கும் கனிக்கும் வைத்த பெயர் ‘புருக்டுஸ்’. ஆங்கிலத்திற் பழத்தைக் குறிக்கும் ‘புரூட்’ அதன் வழித்தோன்றல். அந்த இலத்தீன் சொல்லின் வேருக்கு நுகர்தல், இன்புறுதல் என்பது பொருள்.

மூன்று சொற்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரயோசனம் பூட்டுகின்றவனுடைய சொல். புருக்டுஸ் உண்ணுகின்றவனுடைய சொல். பயன் ஈனுகின்றவளுடைய சொல். ஒரே பொருளைச் சுட்ட மூவரும் மூன்று திசையில் நின்று பார்த்திருக்கிறார்கள். வடசொல்லை வெறுத்து இதனைக் கூறினேன் என்று எவரும் கொள்ளவேண்டா. பிரயோசனம் என் தாயார் வாயிலும் இருந்த சொல். நான் சொல்ல வந்தது பார்வையின் வேறுபாட்டையே. எருதின் கழுத்தில் நுகத்தை வைப்பவன் எருதினால் தனக்கு ஆவதை நினைக்கிறான். பசுவின் மடியிற் பால் சுரப்பதோ கறப்பவனை நினைத்தன்று, கன்றை நினைத்து.

தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். இவற்றுட் பயன் உவமத்துக்கு, வள்ளலின் கையை மழைக்கு ஒப்பிடுதலை ஆசிரியர்கள் உதாரணங் காட்டுவது வழக்கம். கைக்கும் மழைக்கும் வடிவம் ஒவ்வாது, நிறமும் ஒவ்வாது. இரண்டும் தருகின்றன என்பது ஒன்றே அங்கே ஒப்புமை.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இன்று நாம் பெரிதும் ஆளுகின்ற வடிவம் ‘பயன்படுத்து’ என்பது. கத்தியைப் பயன்படுத்துகின்றோம், மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றோம், மனிதரையும் பயன்படுத்துகின்றோம். திருக்குறளிலே பயன்படுவர், பயன்படும் என்னும் வடிவங்கள் உண்டு. பயன்படுத்து என்னும் வடிவம் இல்லை. பயன்படுதல் ஒருவன் தானே செய்வது. பயன்படுத்தல் அவனைக் கொண்டு மற்றொருவன் செய்வது. வள்ளுவர் இவ்வேற்றுமையை அறியாதவர் அல்லர். கயமை அதிகாரத்தில், குறையைச் சொன்ன அளவிலே பயன்படுபவர் சான்றோர் என்றும், கரும்பைப் போல நெருக்கிப் பிழிந்தபோதே பயன்படுபவர் கீழோர் என்றும் பிரித்துக் காட்டினார். முன்னது சுரத்தல், பின்னது பிழிதல். நமது காலம் பிழிதலையே பயன் என்று நினைத்துக்கொண்டது. பிழிந்து ஒன்றும் வாராத இடத்திற் ‘பயனற்றது’ என்று முத்திரை குத்திவிடுவதும் அதனால் வந்த பழக்கமே.

ஊற்றங்கரை

இந்த எண்ணங்கள் எனக்கு வேறோர் ஊரில் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்று சொல்ல முடியாது. நான் இருக்கும் ஊர் தண்ணீரூற்று. முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையை அடுத்துள்ள ஊர். ஏட்டிலே தண்ணீரூற்று, வாயிலே தண்ணியூத்து. இங்கே கோயில் கொண்ட பிள்ளையாருக்கும் ஊற்றங்கரைச் சித்தி விநாயகர் என்றே பெயர். ஊரும் தெய்வமும் நீரின் பெயரால் அழைக்கப்படும் இடம் இது.

ஊற்று என்பது ஊறு என்னும் வினையிலிருந்து வந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் வாடைக்காற்று மழையை மணல் உறிஞ்சிக்கொள்கின்றது. உள்ளே இறங்கிய நீர் இறுகிய படையொன்றில் முட்டித் தேங்குகின்றது. நிலம் தாழ்ந்த இடத்தில் அந்த நீர்மட்டம் தரையைச் சந்திக்கும்போது ஊற்றாகின்றது. எவரும் வேண்டாமலே நடக்கும் வேலை இது. வன்னியின் பெருங்குளங்கள் மன்னர் கட்டியவை, அரசாங்கம் திருத்தியவை. ஊற்றைக் கட்டியவர் எவரும் இல்லர்.

குடிப்பவர் யார் என்று ஊற்றுக் கேட்பதும் இல்லை. சைவர், கிறித்தவர், முஸ்லிம்கள் என எல்லாரும் இம்மண்ணின் நீரை உண்டே வாழ்ந்தார்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இவ்வூர் முஸ்லிம்களும் வீடு வாசலை விட்டுப் போனார்கள். நீருக்கு இல்லாத வேற்றுமையை மனிதர் உண்டாக்கியதை அப்போது கண்டோம். பின்னர் 2008ஆம் ஆண்டின் இறுதியில் எஞ்சியிருந்த நாங்களும் போனோம். 2009இல் செட்டிகுளத்து முகாமிலே, பவுசர் கொண்டுவரும் நீருக்காக வெறும் வாளியோடு நெடுநேரம் வரிசையில் நின்றேன். ‘சேருக்கு எந்த ஊர்?’ என்று முன்னால் நின்ற முதியவர் கேட்டார். ‘தண்ணீரூற்று’ என்றேன். அவர் என் வாளியைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் பகுதியில் உவர்நீரையும் வீண் என்று தள்ளுவது இல்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலையொட்டிச் சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுப்பர். அதனை முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்தக் கடல்நீரில் விளக்கேற்றுவது மரபு. நம்புகின்றவர்க்கு அது அம்மன் அருள். அதனை ஆராய்வது என் வேலையன்று. குடிக்கவும் உதவாத, பயிருக்கும் ஆகாத நீருக்கு ஒரு விளக்கின் பொறுப்பை ஒப்படைத்த மனத்தையே நான் எண்ணிப் பார்க்கின்றேன்.

இவ்வளவையும் கண்டு வளர்ந்த நான், ஒரு மனிதப் பிள்ளையைப் பார்த்துப் பயனற்றவன் என்று சொன்னேன். கை நின்றமைக்குரிய இரண்டாவது காரணம் அதுதான்.

பயன் நிலையும் பயன் இலையும்

இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பவற்றைப் படிப்பிப்போம். எழுவாய் என்றால் வாக்கியம் தோன்றும் இடம். பயனிலை என்றால் அதன் பயன் நிலைபெறும் இடம். பயன், நிலை என்று பிரிக்கவேண்டும். ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை அதனைப் பயன், இலை என்று பிரித்து, ‘பயன் இல்லாதது’ என்று பொருள் எழுதிவிடும். வகுப்பே சிரிக்கும். உண்மையிற் புணர்ச்சி விதி இரண்டு பிரிப்புக்கும் இடங் கொடுக்கின்றது. எழுத்திலே ஒரு வேற்றுமையும் தெரியாது. பயன் எங்கே நிலைபெறுகின்றது என்று அறிந்தவன் ஒருவாறு பிரிப்பான். அறியாதவன் மற்றொருவாறு பிரிப்பான்.

நான் ஆசிரியப் பணியில் இறங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பத்தாந் தரத்தில் ஒரு மாணவன் இருந்தான். வெண்பா ஒன்றையும் மனனஞ் செய்ய அவனால் இயலாது. நான்கு அடியில் இரண்டாவது அடியிலேயே தடுமாறி நிற்பான். மற்றப்படி குழப்படி இல்லாத பிள்ளை. உடைந்த வாங்குக்குக் கால் பொருத்துவான். வகுப்புக் கதவின் திருகாணியைத் தானே இறுக்குவான். அவற்றை நான் கண்டேன், கணக்கில் எடுக்கவில்லை. பாடசாலையின் பெறுபேறு குறைகின்றது என்று பேச்சு எழுந்திருந்த நாளொன்றில், அவன் பாட்டைச் சொல்ல முடியாமல் நின்றான். முழு வகுப்பும் கேட்க, ‘உன்னாலே ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை’ என்றேன்.

அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவன் வீடு என் வீட்டிலிருந்து கால் மைல் தூரத்திற்குள் இருந்தது. நான் போய் அழைக்கவில்லை. இடாப்பிலே அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு இழுத்த கையும் இதே கைதான்.

2010ஆம் ஆண்டிலே நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கதவும் சன்னலும் இல்லை. கண்ணிவெடி அகற்றுவோர் காணியைப் பார்த்துவிட்டுப் போன பின்னரே உள்ளே செல்ல விட்டார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஓடும் தகரமும் தென்னை மட்டையும் நிறைந்து, மேலே கறுத்த நீர் பாசி பூத்துக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினேன். ‘இறைத்த கிணறு ஊறும், இறையாத கேணி நாறும்’ என்ற பழமொழியை எத்தனையோ வகுப்பில் விளக்கியிருக்கின்றேன். அதன் பின்பாதி எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கிணறு துப்புரவாக்க ஆள் தேடியபோது, கயிறும் பாதாளக்கரண்டியும் சுமந்து இரண்டு பேரோடு வந்தவன் அவனே. ஆள் தடித்து, முன்தலை நரைத்திருந்தான். முகம் மாறவில்லை. ‘சேர், சுகமே?’ என்று கேட்டுவிட்டு வேலையில் இறங்கினான். மேலே மிதந்தவற்றை முதலில் எடுத்தார்கள். கிடந்தவற்றைப் பாதாளக்கரண்டியாற் கொளுவி இழுத்தார்கள். நீரை இறைத்து வற்றச் செய்த பின், அவன் இடுப்பிற் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். இரண்டு நாள் சேறு அள்ளினார்கள். இரண்டாம் நாட் பிற்பகல் அடியிலிருந்து அவன் குரல் கேட்டது.

‘ஊத்துக்கண் அடைபடேல்லை, சேர். வடக்குப் பக்கத்தாலை வருது. சேறுதான் மூடிக் கிடந்தது.’

எட்டிப் பார்த்தேன். அவன் காலடியிலே, மணலைக் கிளப்பிக்கொண்டு நீர் வந்துகொண்டிருந்தது.

அவன் மேலே வந்து, முதல் நீரைக் குடிக்கக் கூடாது என்றான். மூன்று முறை முற்றாக இறைத்துக் குளோரின் போட்ட பின்னரே எடுக்கவேண்டும் என்றான். பேசிய கூலியை வாங்கினான். நான் கூட வைத்ததை எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தான். அப்போதுதான் வாய் திறந்தேன்.

‘தம்பி, அண்டைக்கு வகுப்பிலை நான் உனக்கு ஒரு சொல்லுச் சொன்னனான். சொல்லியிருக்கக் கூடாது.’

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ‘எனக்கு மட்டுமே சேர் சொன்னனீங்கள்?’ என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில் வஞ்சம் இல்லை. பழைய ஆசிரியரோடு பேசும் பகிடியாகவே கேட்டான். ஆனாற் கேள்வி சரியானது. எத்தனை பேருக்குச் சொன்னேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. சொன்னவர்களுட் சிலர் இன்று உயிரோடும் இல்லை. அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் இயலாது.

கல்வி அதிகாரத்தில் வள்ளுவர் மணற்கேணியை உவமை காட்டினார். தோண்டிய அளவுக்கு நீர் ஊறும்; கற்ற அளவுக்கு அறிவு ஊறும். இந்தக் குறளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, தோண்டவேண்டியவர் பிள்ளைகளே என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். தோண்டுவதில் ஆசிரியனுக்கும் பங்கு உண்டு. நானோ ஓரிடத்தில் மண்வெட்டியை ஒரு முறை போட்டு, அங்கே வெண்பா ஊறவில்லை என்றதும், கேணியே வறண்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஊற்றுக்கண் எந்தப் பக்கம் என்று காலாலே தடவிப் பார்த்தவன் அவன். நான் மேலே நின்று மூக்கைப் பொத்தினவன்.

இதனால் எல்லாரும் எல்லாவற்றையும் கற்றுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அவனுக்கு வெண்பா அப்போதும் வரவில்லை; இப்போதும் வராது. பயன் பொருளின் உள்ளே இருக்கின்றது, நம் தேவையின் உள்ளே அன்று என்பதே இச்சொல்லை ஆராய்ந்து நான் கண்டது. நமக்கு வேண்டியதை ஒருவன் தராதபோது, ‘எனக்கு வேண்டியது இங்கே இல்லை’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ‘இவனிடம் பயன் இல்லை’ என்று சொல்ல உரிமை இல்லை. முன்னது பூட்டுகின்றவனின் கணக்கு. பின்னது ஈனுகின்றவளுக்கே தெரிந்த செய்தி.

இனி, அந்த மாணவியின் தாளுக்கு வருகிறேன். ஒரு வாக்கியத்துக்கு முழுப் புள்ளி கொடுத்தால், மூன்று பக்கம் எழுதிய பிள்ளைகளுக்கு அநியாயம். பத்துக்கு நான்கு இட்டேன். கீழே, ‘காரணம் எழுதிக்கொண்டு வந்தால் மீதியைப் பற்றி யோசிப்பேன்’ என்று குறித்தேன். தாளைக் கொடுத்தபோது அவள் அதனை வாசித்துவிட்டு, மேசையடியில் நின்றபடியே காரணத்தைச் சொன்னாள்.

‘ஒருத்தரும் அள்ளாட்டிலும் அது ஊறுந்தானே, சேர்.’

எழுதிக் கொண்டுவருமாறு சொல்லி அனுப்பினேன். நாளைக்குக் கொண்டுவருவாள். இறையாத கேணியின் கதையையும் அவளுக்கு அப்போது சொல்லவேண்டும்.